மின் ஸ்கூட்டரில் மூன்று ஆண்டுகள், 38,000 கிலோமீட்டர்

2022 பிப்ரவரியில் நான் வாங்கிய மின் ஸ்கூட்டர் இந்த மாதம் 38,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. திருச்சி ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல், நெடுஞ்சாலைப் பாலம், சஞ்சீவி நகர், பால்பண்ணை வழியாகத் துவாக்குடி தொழிற்பேட்டைக்குப் போய் வருவதுதான் அதன் அன்றாட வேலை. போக வர சுமார் 42 கிலோமீட்டர். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் குறை சொல்லும் இடங்களில் பெரும்பாலும் வண்டியைவிட, அதைப் பழுதுபார்க்கும் ஏற்பாடே காரணம் என்பது மூன்றாண்டு ஓட்டியபின் எனக்குப் பட்டிருப்பதால், ஒரு பெயரைச் சொல்லி விஷயத்தைக் குறுக்க விரும்பவில்லை.

வாங்கிய காலம் நல்ல காலம். மின் வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில், பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கும்) 15,000 ரூபாய் மானியம் என்று 2021 ஜூனில் உயர்த்தியிருந்தார்கள். என் வண்டியின் பேட்டரி 3 கிலோவாட் மணி. 2023 ஜூன் முதல் அது 10,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, வண்டி விலையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அப்போது வாங்கியவர்களின் கணக்கும் என் கணக்கும் ஒன்றல்ல. என்னைப் பொறுத்தவரை, அந்நாளில் ஒரு 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டருக்குக் கொடுத்திருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 30,000 ரூபாய்தான் கூடுதலாயிற்று.

எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான். புதிதில் 82 கிலோமீட்டர் போயிற்று; இப்போது 70 போகிறது. ஆனால் இந்த எண்ணைவிட முக்கியமானது வேகம். நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் சார்ஜ் சதவீதம் கண்ணெதிரே இறங்கும். 40-இல் போனால் அசையாமல் நிற்கும். பழைய காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, ஊர் வண்டிகளெல்லாம் நெடுஞ்சாலைப் பாலத்துக்குத் திருப்பிவிடப்பட்ட 2022-23 குளிர்கால மாதங்களில், அலுவலக நண்பர்கள் நெரிசலில் ஊர்ந்து பெட்ரோலைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, என் வண்டி வழக்கத்தைவிட ஏழெட்டு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியது. நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. வேகத்தைக் குறைக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. அதே காரணத்தால் பிரேக் பேடு மூன்றாண்டில் ஒரே ஒருமுறைதான் மாற்றினேன். பின்பக்க டயர் மட்டும் 17,000 கிலோமீட்டரிலேயே வழுக்கையாகிவிட்டது.

மின்சாரச் செலவைப் பலரும் தவறாகக் கணக்கிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து என் வண்டி இரண்டு மாதத்துக்குச் சுமார் 88 யூனிட் எடுக்கிறது. வண்டி வருமுன் எங்கள் வீட்டு ரீடிங் 430 யூனிட் அளவில் இருந்தது. வந்தபின் 518 ஆயிற்று. இந்த 18 யூனிட்தான் வினை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தமிழக வீட்டு மின் கட்டணத்தில், 500 யூனிட்டுக்குள் இருக்கும்வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 ரூபாய், 500-ஐத் தாண்டினால் அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50, தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய். ஆகவே 1,305 ரூபாயாக இருந்திருக்க வேண்டிய பில் 2,094 ஆனது. 88 யூனிட்டுக்கு 789 ரூபாய் என்றால் யூனிட் ஏறக்குறைய 9 ரூபாய்! அந்தக் கட்டணத்தில் முதல் பில் வந்த அன்று என் மனைவி அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். இருந்தும் கிலோமீட்டருக்கு 37 காசுதான் ஆயிற்று. அதே காலத்தில் லிட்டர் 102 ரூபாய்க்கு மேல் விற்ற பெட்ரோலை ஊற்றி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டரில் 2 ரூபாய் 25 காசுக்குக் குறையாது. கூடுதலாகக் கொடுத்த 30,000 ரூபாய் பதினைந்து பதினாறு மாதத்தில் திரும்பிவிட்டது. கட்டணம் அதன்பின் கொஞ்சம் ஏறியிருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் திருச்சியில் வண்டியைப் பற்றிப் பேச முடியாது. மே மாதத்தில் தொழிற்பேட்டையில் தகரக் கூரைகூட இல்லாத இடத்தில் நாள் முழுக்க நின்ற வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து உடனே சார்ஜில் போட்டால், அது ஏற்றுக்கொள்ளாது. பேட்டரியின் சூடு இறங்கும்வரை, சில நாள் முக்கால் மணி நேரம்கூட, திரையில் சிவப்புக் குறியோடு காத்திருக்கும். இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். வாங்கிய சில வாரங்களில், 2022 மார்ச், ஏப்ரலில், நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளக்கை வாசல் திண்ணைக்கு மாற்றியவன் நான். சூட்டோடு சார்ஜ் ஏற மறுக்கும் வண்டிதான் எனக்குத் தூக்கம் தருகிறது.

என் மனக்குறை வேறு. 2023 ஆகஸ்டில் ஒரு மாலை, பேட்டரியில் 61 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே, துவாக்குடியில் வண்டி உயிர்க்கவில்லை. சாவியைத் திருப்பினால் திரை ஒருமுறை மினுக்கி அணைந்தது, அவ்வளவுதான். நிறுவனத்தின் உதவி எண்ணில் அழைத்தேன். மறுநாள் காலை வண்டியை ஏற்றிப்போனார்கள். எனக்குத் திரும்பிவர ஒன்பது நாள் ஆயிற்று. பில்லில் இருந்தது ஒரே ஒரு பொருள், 12 வோல்ட் துணை பேட்டரி. விளக்கு, ஹாரன், திரை ஆகியவற்றுக்காக இருக்கும் அந்தச் சிறிய பேட்டரி படுத்துவிட்டால், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சே விழாது என்பதை எனக்கு விளக்கியவர் சர்வீஸ் சென்டரில் யாரும் இல்லை. பால்பண்ணையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் தம்பிதான் கேட்டவுடன் சொன்னார்: "அண்ணே, பெருசு நல்லாத்தான் இருக்கும், சின்னதுதான் சோலிய முடிச்சிருக்கும். எங்கிட்ட வந்திருந்தா பத்து நிமிஷ வேலை."

ஆனால் உத்தரவாதம் இருக்கும்வரை அவரிடம் போக முடியாது. மூன்று ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வெளியாள் கை வைக்கக் கூடாது. பெட்ரோல் வண்டி நின்றுவிட்டால் எந்தத் தெருமுனையிலும் கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்த ஒருவர் இருப்பார்; இங்கே, பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் கீச்சிடுகிறது என்றால்கூட லேப்டாப்பைச் செருகிய பிறகே ஸ்பேனரை எடுக்கிறார்கள். அந்தப் பெல்ட்டை 22,000 கிலோமீட்டரில் மாற்றினேன். பாகம் வர ஆறு நாள். ஓடும் செலவில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு, இப்படி நின்ற நாள்களின் ஆட்டோ கட்டணமாகவும் பேருந்துக் காத்திருப்பாகவும் போயிருக்கிறது.

அந்த 30,000 கிலோமீட்டர் 2024 நடுவிலேயே முடிந்துவிட்டதால், இப்போது சின்ன பேட்டரியைத் தம்பிதான் பார்க்கிறார். பங்குனியில் ஒருமுறை சோதித்து, சந்தேகமென்றால் மாற்றிவிடுகிறார். பெரிய பேட்டரிக்கு மட்டும் அவரும் கை விரிக்கிறார். ஒரு சார்ஜுக்குப் போகும் 70 கிலோமீட்டர் 55 ஆகும்வரை எனக்குக் கவலையில்லை. இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டோடு ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் கிடக்கிறது.