ஏரோசால் பாக்ஸ்: காரைக்குடியில் ஐந்து வருடத்துக்கு மேல்

கோவிட் நேரத்தில், நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது கிருமி எங்கள் மேல் தெறிக்காமலிருக்க, அவர் தலைமேல் கவிழ்த்த கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் பெட்டிதான் ஏரோசால் பாக்ஸ். போன வாரம் என் பாக்ஸின் மூலை ஒட்டு விட்டுப்போனது. 2020 மே மாதம் அதைச் செய்துகொடுத்த பெயர்ப்பலகைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். சிரிஞ்சில் குளோரோஃபார்ம் எடுத்து, இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டிக் கொடுத்தார். எங்கள் மயக்கவியல் துறையின் பழைய மருந்து அக்ரிலிக்கை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று மாலையே திருப்பத்தூரிலிருந்து ஜூனியர் தம்பி போன்: "அக்கா, இங்க ஒருத்தர் பாக்ஸைப் பாதி விலைக்குத் தர்றேங்கிறார். வாங்கிப் போட்டுக்கவா?"

வாங்காதீங்க தம்பி. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், கை விடுவதற்கான அந்த இரண்டு ஓட்டை. நாலு அங்குல வட்டத்துக்குள் முழங்கை வரை விட்டால், மணிக்கட்டு திரும்பாது. கேஸ் சுலபமாக இருந்தால் சமாளித்துவிடலாம். தேவகோட்டையில் ஒரு நர்சிங் ஹோமில், கழுத்து குட்டையான நோயாளி. டியூப் போகவில்லை, டியூபுக்கு வழிகாட்டும் நீளக் குச்சியான பூஜியைக் கேட்டேன். பூஜி 70 சென்டிமீட்டர், பாக்ஸின் அகலம் 50. அதன் வால் பக்கச் சுவரில் முட்டி முட்டி வளைகிறது, நுனி நான் நினைத்த இடத்துக்குப் போகவே இல்லை. மானிட்டர் சத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆக்சிஜன் அளவு 94, 88, 82. "பாக்ஸை எடுங்க சிஸ்டர்!" என்று கத்தினேன். எடுத்த பத்தாவது நொடியில் டியூப் உள்ளே போய்விட்டது. பிறகு பார்த்தால், ஓட்டை விளிம்பில் சிக்கி கவுன் கை கிழிந்திருந்தது. காப்பாற்ற வந்த பெட்டியே என் கவசத்தைக் கிழித்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2020-லேயே ஆஸ்திரேலியாவில் 12 மயக்கவியல் மருத்துவர்களை வைத்து, பொம்மையில் 36 முறை டியூப் போட்டுப் பார்த்தார்கள். பாக்ஸ் இருந்தால் நேரம் கூடியது, கவச உடையும் சேதமானது. இன்னொரு சோதனையில், இருமும்போது நுண்துகள்கள் உள்ளே தேங்கி, மருத்துவர் பக்கம் கூடுதலாகவே வந்தன. உள்ளிருந்து காற்றை உறிஞ்சும் வசதி இல்லாத பெட்டிகளுக்கு மே மாதம் கொடுத்த அவசர அனுமதியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றது.

சுத்தம் செய்வதும் தொல்லைதான். பாக்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாராவது துடைத்துவிடுவார்கள். மயிரிழை விரிசல் ஓடி, பார்வை மங்கிவிடும். சோப்புத் தண்ணீர்தான் சரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. 2021, இரண்டாம் அலை. குடல் ஓட்டைக்கு அவசர ஆபரேஷன் முடிந்து டியூபை எடுக்கிறேன். அவர் இருமினார், ஒரே ஒரு இருமல். உள்சுவரில், சரியாக என் வாய் உயரத்தில், கோழை கலந்த துளிகள் அப்பி, மெதுவாகக் கோடு கோடாக வழிந்தன. மாஸ்க்குக்குள் என் மூச்சு நின்றுவிட்டது. பெரிய துளிகளை அந்தப் பெட்டி தடுக்கும். கண்ணால் பார்த்தேன். தைவானில் இதை யோசித்துச் செய்த டாக்டர் லாய் சியென்-யுங்கை அன்று மனதாரக் கும்பிட்டேன்.

ஆனால் துளியைத் தடுக்க ஃபேஸ் ஷீல்டும் போதும் தம்பி. காற்றில் மிதப்பதற்கு, முகத்தில் சரியாக உட்காரும் என்95 வேண்டும். பாக்ஸுக்கு வைத்த காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து தொண்டைக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்குங்கள், முகத்தைக் குனிந்து வாய்க்கு அருகே கொண்டுபோக வேண்டியதில்லை. தசை தளர்த்தும் மருந்து முழுதாக வேலை செய்யும்வரை பொறுங்கள், நோயாளி இருமமாட்டார். தியேட்டரில் தேவையில்லாதவர்களை வெளியே நிறுத்துங்கள். காசநோய் சந்தேகக் கேஸுக்கும் இதே வழிதான்.

என் பாக்ஸைக் கேட்டால் மட்டும் தரமாட்டேன். ஒட்டிக் கொண்டுவந்து, வீட்டின் ரெண்டாம் கட்டுக்குள் பழைய வேட்டி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.