சேற்றுக்கென்று செய்த காலணி: கிராஸ் கன்ட்ரி ஸ்பைக்ஸ் பற்றி ஒரு பருவம் ஓடிப் பார்த்த மதிப்பீடு

இந்த மதிப்பீடு, சுமார் 70 பவுண்டு விலையில் லண்டன் கடைகளில் கிடைக்கும் நடுத்தர வகைக் கிராஸ் கன்ட்ரி ஸ்பைக்ஸ் பற்றியது; அதாவது புல், சேறு, மேடு என இயற்கைத் தரையில் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கென்று அடியில் ஆணிகள் மாட்டிய காலணி. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. இந்த விலைக்குள் வரும் ஸ்பைக்ஸ் எல்லாம் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மாதிரியின் பெயரும் நிறமும்தான் அடிக்கடி மாறுகின்றன. வாங்குபவர் அறிய வேண்டியது இந்த வகைக் காலணி எந்த மண்ணில், யாருக்கு, எவ்வளவு பயன்படும் என்பதையே. அதனால் காலணியைப் பேசுவதற்கு முன் மண்ணைப் பேச வேண்டியிருக்கிறது.

நான் இதை அணிந்து ஓடியது பெரும்பாலும் வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த திறந்தவெளியின் தென்பகுதியில் உள்ள பார்லிமென்ட் ஹில் என்ற மேட்டில். தென் இங்கிலாந்து கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் பெரும்பாலும் நடக்கும் இடம் அது; ஆண்களுக்கு நெடுங்காலமாக 15 கிலோமீட்டர் வைக்கப்பட்ட போட்டி. ஓட்டக்காரர்கள் ‘நேஷனல்’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஆங்கிலத் தேசியச் சாம்பியன்ஷிப்பும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே வரும். நீச்சல் குளத்தையும் ஓடுகளத்தையும் ஒட்டிய அடிவாரத்தில் அகலமான வரிசையில் நூற்றுக்கணக்கானோர் நிற்பார்கள்; துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் நேராக மேட்டை நோக்கி ஓடுவார்கள். மேட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 98 மீட்டர்தான். ஆனால் அந்த உயரத்தைக் காட்டிலும் கால் வைக்கும் மண்தான் ஓட்டக்காரரைச் சோதிக்கிறது. ஹீத்தின் மேற்பகுதியில் மணல் படிவு இருக்கிறது. அதற்குக் கீழே ‘லண்டன் களிமண்’ என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அடர்ந்த களிமண் அடுக்கு. மணலில் இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தொட்டவுடன் மேற்கொண்டு இறங்க வழியின்றிச் சரிவுகளில் கசிந்து வெளியே வருகிறது. பார்லிமென்ட் ஹில்லின் சரிவுகள் பெரும்பாலும் இந்தக் களிமண்ணில் அமைந்திருப்பதால் ஜனவரியில் அங்கே புல் ஒரு போர்வை மட்டுமே. முதல் சுற்று முடிவதற்குள் அது உரிந்து, அடியில் இருக்கும் பழுப்புச் சேறு வெளியே வந்துவிடும். மழைக்குப் பின் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு அந்த மண் எப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு விடாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்காகவே செய்யப்பட்ட காலணியின் அமைப்பை இனிப் பார்க்கலாம். ஒரு காலணியின் எடை 180 கிராம் அளவில் இருக்கிறது. வழக்கமான பயிற்சிக் காலணியைவிட நூறு கிராம் வரை குறைவு. பாதத்தின் முன்பகுதிக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று, அதில் ஆணிகளைத் திருகி மாட்ட ஆறு மரைத் துளைகள். ஓடுகளத்துக்கான ஸ்பைக்ஸிலிருந்து இது வேறுபடும் இடம் குதிகால். அங்கே மெல்லிய நுரைக்குப் பதிலாகப் பற்கள் வைத்த ரப்பர் அடிப்பாகம் குதிகால் வரை நீள்கிறது, ஏனெனில் சரிவில் இறங்கும்போது எவ்வளவு தேர்ந்த ஓட்டக்காரரும் குதிகாலை ஊன்றாமல் இருக்க முடியாது. மேல்துணி மெல்லிய வலை. அதற்குள் நீர் தாராளமாகப் புகும். அதே வேகத்தில் வெளியேறவும் செய்யும். நீர் புகாத காலணி வேண்டும் என்று கேட்கும் புதியவர்களை அவ்வப்போது காண்கிறேன். முழங்கால் வரை நனையும் ஓட்டத்தில் நீரை உள்ளே தேக்கி வைக்கும் காலணிதான் பெருஞ்சுமை ஆகும்.

பெட்டியில் காலணியுடன் 9 மில்லிமீட்டர் ஆணிகளும், அவற்றை முறுக்கும் சிறு திருகியும் வருகின்றன. என் கருத்தில் இந்தப் பொருளின் மதிப்பில் பாதி, பெட்டியில் வராத ஆணிகளில்தான் இருக்கிறது. செயற்கை ஓடுகளத்தில் நீண்ட தூர ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் ஆணி அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே ஓடுகளத்துக்கும் புல்வெளிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அந்த அளவைக் கொடுத்துவிடுகிறார்கள். உறைபனியில் இறுகிய மண்ணிலும், காய்ந்த பூங்காப் புல்லிலும் அது போதும். பார்லிமென்ட் ஹில்லின் ஜனவரிச் சேற்றில் 9 மில்லிமீட்டர் ஆணி மேல்குழம்புக்குள்ளேயே நின்றுவிடும், அடியிலுள்ள உறுதியான மண்ணைத் தொடாது. அங்கே 12 மில்லிமீட்டர் குறைந்தபட்சம். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் 15. கூடுதலாக ஆறு ஆறு ஆணிகள் கொண்ட இரண்டு பாக்கெட்டுகள் வாங்க ஆகும் செலவு பத்துப் பவுண்டுக்கும் குறைவு. அந்தப் பத்துப் பவுண்டு தரும் வேறுபாட்டை, காலணியின் விலையில் ஐம்பது பவுண்டு கூட்டினாலும் பெற முடியாது என்பதே இந்தப் பருவத்தில் நான் வந்தடைந்த முடிவு. விலை உயர்ந்த மாதிரிகள் முப்பது, நாற்பது கிராம் எடையைக் குறைக்கின்றன. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு காலிலும் ஒட்டிக்கொள்ளும் களிமண் அந்தச் சேமிப்பை உடனே விழுங்கிவிடுகிறது.

நீளமான ஆணியே எப்போதும் நல்லது என்றும் கொள்ளக்கூடாது. பாதையில் சரளைக் கல்லோ தார்ச்சாலைத் துண்டோ குறுக்கிட்டால் 15 மில்லிமீட்டர் ஆணி பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு அடியையும் தகட்டின் வழியே எலும்புக்குக் கடத்தும். கணுக்கால் பிறழவும் வாய்ப்புண்டு. ஒரே போட்டியில் பல வகைத் தரை வருவதும் இயல்புதான். 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில், மோஸ்கோர் அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சாய்கூரை மீதே பாதையை ஏற்றியதோடு, சேற்றுப் பகுதியையும் மணற்பகுதியையும் சுற்றுக்குள் சேர்த்திருந்தார்கள். உகாண்டாவின் ஜோஷுவா செப்டகேய் வென்ற அந்தப் பாதையில் எந்த ஆணியைத் தேர்ந்தாலும் ஏதோ ஓரிடத்தில் அது பொருந்தாமல்தான் போயிருக்கும். நம்மைப் போன்ற மன்ற ஓட்டக்காரர்கள் (உள்ளூர் ஓட்டக் கிளப்புகளுக்காக ஓடுபவர்கள்) செய்யக்கூடியது, போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பாதையின் மோசமான பகுதியை நடந்து பார்த்து, அதன் பின் ஆணியை மாட்டுவது. திருகி பையிலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் வைத்திருப்பார் என்று நம்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திருகியைக் கேட்டு அலைவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

ஓட்டத்தில் இந்தக் காலணி தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஏற்றத்தில் அதன் பலன் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வழுக்கும் மேட்டில் சாதாரணக் காலணி ஒவ்வொரு அடியிலும் சற்றே பின்னுக்கு நழுவும். தொடைக்கும் இடுப்புக்கும் அதனால் விழும் வீண் வேலை ஐந்தாறு கிலோமீட்டருக்குப் பின்தான் கணக்குக் கேட்கும். ஆணி பிடித்துக்கொள்ளும்போது அந்த நழுவல் இல்லாததால் அடியைச் சுருக்கி, சீரான மூச்சில் ஏற முடிகிறது. இறக்கத்தில் கிடைப்பது துணிவு. பார்லிமென்ட் ஹில்லில் இடங்களைப் பிடிப்பதும் இழப்பதும் பெரும்பாலும் இறக்கங்களில்தான்; வளைவில் கால் நிற்கும் என்ற நம்பிக்கை உள்ளவர் பிரேக் போடாமல் இறங்குகிறார். சமதளச் சேற்றில் மட்டும் எதிர்பார்த்த அளவு உதவி இல்லை. அங்கே காலை ஊன்றுவதைவிடப் பிடுங்குவதுதான் கடினம், அதற்கு எந்த ஆணியாலும் ஒன்றும் செய்ய முடியாது. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடும் சாலைப் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். மூச்சின் அளவை வைத்துத்தான் வேகத்தைத் தீர்மானிக்க முடியும்.

குறைகளும் உண்டு. தகட்டில் ஆணிகளுக்கு இடையே உள்ள பரப்பு தட்டையாக இருப்பதால் களிமண் அங்கே அப்பிக்கொண்டு, ஆணியின் பயனுள்ள நீளத்தைக் குறைத்துவிடுகிறது. தகட்டில் சிறு மேடுகளை வைத்திருந்தால் மண் தானாக உதிரும். காலணிக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை மிகக் குறைந்த பசையால் ஒட்டியிருக்கிறார்கள். நனைந்த இரண்டாவது போட்டியிலேயே அது விரல்களுக்கு அடியில் சுருண்டுகொண்டதால், பிறகு நானே ஒட்டினேன். லேஸ் தேவைக்கு மேல் நீளம், வழுவழுப்பு. இரட்டை முடிச்சுப் போட்டு நுனிகளைக் குறுக்கு லேஸுக்குள் செருகாவிட்டால் அவிழ்ந்துவிடும். களிமண் காலணியைக் காலிலிருந்து கழற்றிவிடும் என்பது மிகைப்படுத்தல் அன்று. ஒற்றைக் காலில் வெறும் காலுறையோடு ஓடி முடிப்பவர்களை இந்தப் போட்டிகளில் அடிக்கடி காண முடிகிறது. ஆகவே அளவு பார்க்கும்போது, நடக்க வசதியாக இருக்கும் அளவை விடுத்து, அரை அளவு சிறியதை, போட்டியில் அணியப்போகும் மெல்லிய காலுறையுடன் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. குதிகால் துளியும் மேலெழக்கூடாது. விரல் நுனி தொட்டும் தொடாமலும் இருக்கலாம்.

வாங்கிய வாரமே இதைப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலணியில் குதிகால் முன்பாதத்தைவிடப் பல மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஸ்பைக்ஸில் அந்த உயர்வு மிகக் குறைவு. அதனால் கெண்டைக்கால் தசையும் குதிநாணும் பழகாத அளவுக்கு நீண்டு உழைக்கின்றன. முதலில் புல்லில் 80 மீட்டர் அளவில் ஏழெட்டு வேகத் துண்டுகள் ஓடிவிட்டுக் கழற்றிவிட வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் இதே காலணியோடு மேட்டு ஓட்டங்களையும், பிறகு கிலோமீட்டர் நீளத் துண்டுகளையும் சேர்க்கலாம். படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சியை இதற்கு இணையாகச் செய்தவர்களுக்கு மறுநாள் வலி மிகவும் குறைவாக இருந்ததை எங்கள் குழுவிலேயே கண்டேன். போட்டி நாளன்று உடலைச் சூடாக்கும் ஓட்டம் முழுவதையும் பழைய காலணியில் முடித்து, தொடக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் ஸ்பைக்ஸுக்கு மாறி, ஓரிரு துண்டுகள் வேகமாக ஓடிப் பார்த்தால் போதும். பார்லிமென்ட் ஹில்லுக்கு அருகிலுள்ள கோஸ்பல் ஓக் ரயில் நிலையத்திலிருந்து தார்ச்சாலையில் இதையே அணிந்து நடந்து வருவது ஆணிகளுக்கும் பாதத்துக்கும் ஒருசேரக் கேடு.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. பருவத்தில் ஒரே ஒரு போட்டி ஓடுபவருக்கும், கற்களும் வேர்களும் நிறைந்த காட்டுப் பாதையில் ஓடுபவருக்கும், மலையோட்டக்காரர்கள் அணியும் ஆழமான ரப்பர் பற்கள் கொண்ட ‘ஃபெல்’ காலணியே பொருத்தம். அதன் பற்கள் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பிடிப்பு ஸ்பைக்ஸுக்குச் சற்றுக் குறைவு, எடை சற்று அதிகம், ஆனால் தார்ச்சாலையிலும் நடக்கலாம், வாரப் பயிற்சிக்கும் உதவும். தடித்த நுரை அடிப்பாகமும் கார்பன் தகடும் கொண்ட சாலைப் போட்டிக் காலணியை மட்டும் சேற்றுக்குக் கொண்டு வராதீர்கள். உயரமான அந்த நுரை சரிவில் பக்கவாட்டில் சாயும். வழவழப்பான அடி ஈரப் புல்லில் நிற்காது. ஸ்பைக்ஸ் வாங்க வேண்டியவர், மன்றத்துக்காக அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை லீக் போட்டிகளில் தொடர்ந்து ஓடுபவர். ஒவ்வொரு இடமும் அணியின் புள்ளியில் சேரும் இந்த விளையாட்டில், நூற்று ஐம்பதாவதாக வருபவரும் கடைசி இறக்கத்தில் இருவரைக் கடந்தால் அது கணக்கில் வரும்.

பராமரிப்பில் சோம்பல் கூடாத பொருள் இது. வீடு திரும்பியதும் ஆணிகளைக் கழற்றிவிட வேண்டும். ஒரு வாரம் விட்டுவைத்தால் துரு ஏறி மரையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்தத் திருகிக்கும் அசையாது. மாட்டும்போது மரையில் சிறிது வாசலின் தடவினால் அடுத்த முறை எளிதாகக் கழலும். துளைகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் எடுத்து, குளிர்ந்த நீரில் கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்தலாம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் பசை இளகித் தகடு பிரியும். இவ்வளவும் செய்தால் இரண்டு மூன்று பருவங்கள் தாராளமாக வரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்குவோர் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. கால் வளர்ந்துவிடுவதால் ஒரே பருவம் அணிந்த ஸ்பைக்ஸ் பல மன்றங்களில் கைமாற்றாகக் கிடைக்கிறது. ஐந்து, பத்துப் பவுண்டுக்கு நல்ல ஜோடியே அமையும். எடுப்பதற்கு முன் ஒரு புதிய ஆணியைக் கையோடு கொண்டு போய் ஒவ்வொரு துளையிலும் விரலாலேயே திருகிப் பாருங்கள். ஆணி நேராக இறங்கி இறுகினால் வாங்கலாம். இரண்டு துளைகளில் மரை தேய்ந்து சுழன்றுகொண்டே இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.