மழைக்காட்டு விலங்கு மீட்பு மையம்: ஒரு வாரம் தங்குவதா, ஒரு மணி நேரம் பார்ப்பதா?

கையில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது, மழைக்காட்டுக்குள் தன்னார்வலர்களே நடத்தும் ஒரு விலங்கு மீட்பு மையத்தைப் பார்க்க ஆசை. பணம் கட்டிப் பதிந்து ஒரு வாரம் அங்கேயே தங்கி வேலை செய்யலாம், இல்லை என்றால் மற்ற பார்வையாளர்களோடு சேர்ந்து வழிகாட்டியின் பின்னால் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வரலாம். சில வருடங்களுக்கு முன்னால் நான் முதலாவதைச் செய்தேன். இந்த முறை வேறொரு மையத்தில் இரண்டாவதைச் செய்தேன். இனிமேல் விடுப்பு பத்து நாள்தான் என்றால் யோசிக்காமல் இரண்டாவதுதான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். சுற்றிப் பார்ப்பதற்குச் செலவு குறைவு, தங்குவதற்கு அதிகம். தங்கினால் கொசுவலை, ஈரம் காயாத துணி, விடிவதற்கு முன்பே எழுப்பிவிடும் குரங்குச் சத்தம் எல்லாம் உண்டு. தங்கினால் விலங்குகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம், சுற்றிப் பார்க்கப் போனால் தள்ளித்தான் நிற்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் தங்கப் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

நான் முடிவை மாற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தால். நாட்கணக்கு.

அந்த ஏழு நாளை எண்ணிப் பார்க்கிறேன். முதல் நாள் போய்ச் சேர்ந்ததோடு சரி. இரண்டாம் நாள் முழுக்க விதிமுறைகள்: இரட்டைக் கதவில் எதை முதலில் பூட்டவேண்டும், எந்தக் கத்தி எந்தப் பலகைக்கு, எந்த வாளி தனிமைப்படுத்திய கூண்டுகளுக்கு மட்டும், எந்தக் குரங்கின் கண்ணை நேராகப் பார்க்கக்கூடாது. மூன்றாவது நாளும் நான்காவது நாளும் பழம் நறுக்கினேன், தண்ணீர்த் தொட்டி தேய்த்தேன். ஐந்தாம் நாள் கொட்டிய மழையில் பாதை மூழ்கிப் பாதி நாள் போய்விட்டது. ஆறாம் நாள்தான் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு வேலையை முழுதாகச் செய்தேன், ஏழாம் நாள் கிளம்பிவிட்டேன். இத்தனை நாளும் எட்டு மாதமாக அங்கே இருக்கும் ஒரு பெண் என் கூடவே நின்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விலங்கின் சாணத்தையும் பார்த்தே உடம்பு சரியில்லை என்று கண்டுபிடிக்கக்கூடியவர் அவர். கூண்டுகளின் பக்கம் போயிருக்க வேண்டிய அவருடைய நேரம் என்னிடம் செலவானது.

அதைவிட உறுத்தியது ஒரு சிலந்திக் குரங்கு. யாரோ வீட்டில் கட்டிப்போட்டு வளர்த்தது, இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பில் இன்னும் மயிர் முளைக்கவில்லை. புது ஆள் வந்தால் முதுகைக் காட்டி மூலையில் உட்கார்ந்துவிடும், தட்டை வைத்துவிட்டு நாம் நகர்ந்த பிறகுதான் இறங்கும். ஆறாம் நாள் நான் நகர்வதற்கு முன்பே இறங்கி வந்தது. சிலந்திக் குரங்குக்குக் கட்டைவிரல் கிடையாது, நான்கு நீள விரல்களையும் கொக்கி மாதிரி மடித்துப் பப்பாளித் துண்டை வாரி எடுத்தபடி ஒரு நொடி என்னைப் பார்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று இரவு அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, வாரத்தின் கடைசியில் அது எப்போதும் இப்படி இறங்கி வரும் என்றும், திங்கட்கிழமை புது ஆட்கள் வந்ததும் மறுபடி முதுகைத் திருப்பிக்கொள்ளும் என்றும் சொன்னார். நான் கிளம்பிய படகிலேயேதான் அடுத்த குழு வந்து இறங்கியது.

அதாவது ஒவ்வொரு வாரமும் அந்தக் குரங்கு ஒரு புது மனிதனை நம்பக் கற்றுக்கொள்கிறது, நம்பியதும் அவன் போய்விடுகிறான். காட்டுக்குத் திரும்பவேண்டிய விலங்காக இருந்தால் இது இன்னும் மோசம். எந்த மனிதன் வந்தாலும் பயப்படவேண்டாம் என்று பழகிவிட்டால் அது வெளியே போய் முதலில் சந்திக்கும் வேட்டைக்காரனிடமும் பயப்படாது. நோயும் இதே கணக்குத்தான். நமக்கு உதட்டோரம் கொப்புளமாக வந்து போகும் ஹெர்பிஸ் வைரஸ் மார்மோசெட் போன்ற சிறு குரங்குகளைக் கொன்றுவிடும். நம் சாதாரணச் சளி மனிதக் குரங்குகளுக்கு நுரையீரல் நோயாக முற்றக்கூடும். புது ஆள் வரும் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்தும் கூடவே வருகிறது. நல்ல மையங்கள் தங்க வருபவர்களிடம் தடுப்பூசி விவரமும் மருத்துவப் பரிசோதனையும் கேட்பது அதனால்தான். எதையும் கேட்காமல் அடுத்த வாரமே வரலாம் என்றால் அங்கே போகாதீர்கள்.

தங்குபவர்கள் கட்டும் பணத்தில்தான் இப்படிப்பட்ட பல இடங்களில் விலங்குகளுக்குச் சாப்பாடு வாங்குகிறார்கள் என்பார்கள். உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தை நன்கொடையாகவே கொடுத்துவிடலாமே. இந்த முறை நான் அப்படித்தான் செய்தேன்: ஒரு வாரம் தங்க ஆகியிருக்கும் தொகையில் நுழைவுச்சீட்டு போக மிச்சத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் பார்க்க முடியும்? நான் நினைத்ததைவிட அதிகம். எங்களைக் கூட்டிப்போனவரும் ஒரு தன்னார்வலர்தான், மாதக்கணக்கில் அங்கே இருப்பவர். ஒரு ஊளைக் குரங்கின் முன்னால் நிறுத்தி அதன் உள்ளங்கையைப் பார்க்கச் சொன்னார், தோல் கருகிச் சுருங்கியிருந்தது. காட்டை ஊடுருவிப் போகும் மின்கம்பிகளுக்கு உறை இல்லாவிட்டால் இவை கொடியைப் பிடிப்பது போல அதைப் பிடித்துவிடுகின்றன, தாய் இறந்து முதுகில் இருந்த குட்டி மட்டும் பிழைத்து வருவதும் உண்டாம். அப்புறம் ஒரு கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்பக்கம், சுருட்டிக் கட்டிய துண்டை அம்மா என்று நினைத்துக் கட்டிப் பிடித்துத் தூங்கும் ஸ்லாத் குட்டி. ஸ்லாத் என்பது மரக்கிளையில் தொங்கியபடி மிக மெதுவாக நகரும் விலங்கு. இரண்டு விரல் ஸ்லாத்தை வளர்ப்பதைவிட மூன்று விரல் ஸ்லாத்தை வளர்ப்பது ரொம்பக் கடினமாம், அதற்குக் காட்டு இலைகளே வேண்டும், தினமும் காலையில் ஒருவர் அந்த இலைகளைத் தேடித்தான் போகிறார். நான் தங்கியிருந்த வாரத்தில் நறுக்கிய பழத்தைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, இந்தக் காரணங்களை எல்லாம் யாரும் உட்கார்ந்து விளக்கவும் இல்லை.

கோஸ்டாரிக்காவின் கரீபியன் கரையில் புவேர்ட்டோ வியெஹோவில் 2008-ல் தொடங்கிய ஜாகுவார் மீட்பு மையம் இப்படிச் சுற்றிப் பார்க்கக்கூடிய இடங்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம். காப்பாற்ற முடியாமல் போன ஒரு ஜாகுவார் குட்டியின் நினைவாக வைத்த பெயர் அது. ஈக்வடாரில் அமேசான் பக்கம் 1993 முதல் இயங்கும் அமாசூனிகோ மீட்பு மையத்துக்கு அராஹுனோ ஆற்றில் படகில்தான் போகவேண்டும், அங்கேயும் தன்னார்வலர்களே வழிகாட்டுகிறார்கள். போர்னியோவின் செப்பிலோக் ஒராங்குட்டான் மையம் வேறு ரகம். 1964-ல் தொடங்கியது, மலேசியாவின் சபா மாநில வனவிலங்குத் துறை நடத்துவது, உணவு வைக்கும் மேடைக்கு ஒராங்குட்டான்கள் வருகின்றனவா என்று மரப்பாலத்தில் நின்று பார்க்கலாம். வரவில்லை என்றால் காட்டிலேயே அதற்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது என்று பொருள், ஏமாற்றத்தோடு திரும்பவேண்டாம்.

சுற்றிப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மீட்பு மையம் என்று பலகை மாட்டி, குட்டியை உங்கள் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. தொடவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கோஸ்டாரிக்கா அரசு 2019-ல் காட்டு விலங்குகளோடு செல்ஃபி எடுப்பதற்கு எதிராகப் பிரச்சாரமே நடத்தியது. இன்னொரு அடையாளம், அங்கே பாதி விலங்குகளை உங்களுக்குக் காட்டமாட்டார்கள். நான் போன இடத்தில் ஒரு வளைவில் பாதையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள், அந்தப்பக்கம் இருப்பவை சீக்கிரம் வெளியே போகப்போகிறவை, மனிதச் சத்தமே கேட்கக்கூடாது என்றார் வழிகாட்டி. அந்தக் கயிறைப் பார்த்ததும்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாதக்கணக்கில் தங்குவதைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, நான் தங்கியது ஒரே ஒரு வாரம். பொலிவியாவில் 1992-ல் தொடங்கிய இன்டி வாரா யாசி மாதிரி அமைப்புகள் வாரக்கணக்கிலும், பூமா, ஜாகுவார் போன்ற பெரிய பூனை இனங்களோடு வேலை என்றால் இன்னும் அதிகமாகவும் தங்கச் சொல்கின்றன. மேலே சொன்ன நாட்கணக்கு அங்கே தலைகீழாகிவிடும் என்று நினைக்கிறேன். கற்றுக்கொள்ளப் போகும் முதல் வாரம் போனாலும் மிச்ச நாட்கள் விலங்குகளுக்குத்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்ணும் அப்படி வந்தவர்தான். உங்களிடம் இரண்டு மாதம் இருந்தால், ஸ்பானிஷும் கொஞ்சம் வந்தால், தயங்காமல் தங்கப் போங்கள்.

பத்து நாள்தான் இருக்கிறது என்றால், போவதற்கு இரண்டு வாரம் முன்பே மையத்துக்கு எழுதி என்ன தேவை என்று கேளுங்கள். எனக்கு வந்த பதிலில் மூன்றே விஷயங்கள் இருந்தன: பழைய துண்டுகள், ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சுகள், குட்டிகளுக்கான பால்மாவு. பெட்டியில் பாதி இடம் அதற்கே போனது. கண்ணாடிக்குப் பின்னால் தூங்கிய அந்த ஸ்லாத் குட்டி கட்டிப் பிடித்திருந்தது போலவே ஒரு நீலத் துண்டும் நான் கொண்டுபோனவற்றில் இருந்தது.