வீராவுக்குள் சத்ரியா: ஒரு சுங்கை சிப்புட் பட்டறையின் வேலை

அப்பாவின் புரோட்டோன் வீரா காரின் உட்புறத்தைக் கழற்றிவிட்டு, விபத்தில் பின்பக்கம் நசுங்கிப்போன அதே நிறுவனத்தின் ஒரு சத்ரியா ஜிடிஐ காரின் உட்புறத்தை அதில் பொருத்தித் தரும்படி எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டிருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பெருஞ்சாலைக்குத் திரும்பும் முனையில், தகரக் கூரையின் கீழ் நடக்கும் பட்டறை அது. வேலையில் நிறையோடு குறையும் இருந்தது, ஊரும் சிறியது என்பதால் பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன். வண்டி கைக்கு வந்து நான்கு மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பளபளப்பு கண்ணை மறைக்கும் முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகவே முடிந்திருக்கும்.

இந்த இரண்டு வண்டிகளை ஏன் இணைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1993இல் வெளிவந்த வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அடுத்த ஆண்டு வந்த சத்ரியாவும், 1996இல் வந்த புத்ராவும் அதே குடும்பத்துப் பிள்ளைகள். (வீரன், சத்திரியன், புத்திரன் என்று மூன்று பெயர்களும் நமக்கு அந்நியமானவை அல்ல என்பது கூடுதல் மகிழ்ச்சி.) 1998இல் அறிமுகமான ஜிடிஐ, லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்துச் சீர்செய்த, 1.8 லிட்டர் இரட்டை கேம் இன்ஜின் கொண்ட, ரெக்காரோ முன்னிருக்கைகளோடு வந்த வண்டி. பள்ளியில் படித்த காலத்தில் அது எங்கள் தோட்டத்து லயத்தைக் கடந்து போகும்போதெல்லாம் பந்து விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் 1996ஆம் ஆண்டு 1.5 வீராவை விற்க மனமும் இல்லை, நல்ல நிலையில் உள்ள ஜிடிஐயை இன்றைய விலைக்கு வாங்கப் பணமும் இல்லை. இன்ஜினும் கியர்பெட்டியும் ஏற்கெனவே விலைபோய்விட்ட ஒரு ஜிடிஐ உடல், உட்புறம் முழுமையாக இருக்க, ஈப்போவில் 4,200 ரிங்கிட்டுக்குக் கிடைத்தபோது, வெளியே அப்பாவின் வீராவாகவும் உள்ளே என் சத்ரியாவாகவும் ஒரு வண்டி மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

பட்டறை முதலாளி அறுபதை நெருங்குபவர். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, கால் மணி நேரம் எதுவும் பேசாமல் சுற்றி வந்தார். பிறகு, "தம்பி, டேஷ்போர்டு வரும், முன் சீட்டு வரும். கதவு அட்டை வராது. ரெண்டு கதவு வண்டியோட அட்டை நாலு கதவு வண்டியில எப்படி உக்காரும்?" என்றார். இணையத்தில் பார்த்த படங்களை நம்பி எல்லாமே மாறும் என்று எண்ணிப் போயிருந்த எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால், பணம் வாங்குவதற்கு முன்பே இதைச் சொன்னதற்காக அவருக்கு என் முதல் மதிப்பெண்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. வீராவின் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 2,500 மில்லிமீட்டர், சத்ரியாவினுடையது 2,440. அறுபது மில்லிமீட்டர் என்பது மூன்று விரல் அகலத்துக்குச் சற்று அதிகம்தான்; ஆனாலும் அந்த வேறுபாடும் உடலின் அமைப்பும் சேர்ந்து, முன்னிருக்கைக்குப் பின்னால் உள்ள எதையும் மாற்ற முடியாதபடி செய்துவிடுகின்றன. பின்னிருக்கை, தரைவிரிப்பு, கூரைத் துணி, பக்கத் தூண்களின் உறைகள் ஆகிய நான்கும் வீராவினுடையவையாகவே இருந்தாக வேண்டும். சத்ரியாவின் கதவு நீளமானது என்பதால் நடுத்தூண் பின்னால் தள்ளி நிற்கிறது. ஆகவே இருக்கைப் பட்டையையும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. முன்புறத் தடுப்புச் சுவரும் தரையின் முன்பகுதியும் ஒரே அச்சு என்பதால், டேஷ்போர்டு, நடுப்பெட்டி, மீட்டர், முன்னிருக்கைகள் ஆகியவை வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காருகின்றன. பெரோடுவா கான்சில் வைத்திருப்பவர்கள், அதற்கு மூலமான ஜப்பானிய டைஹட்சு மீராவின் 'ஹாஃப்கட்' (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டி) பொருள்களைத் தேடி அலைவதும், வீராக்காரர்கள் லான்சர் எவலூஷன் 3இன் டேஷ்போர்டுக்கு ஆசைப்படுவதும் இந்த உறவுமுறையால்தான். ஜப்பானிலும் நம்மைப் போலவே ஸ்டீரிங் வலப்பக்கம் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. டேஷ்போர்டு அப்படியே பொருந்திவிடும்.

கழற்றும் வேலையை அருகில் நின்று பார்த்தேன், இரண்டு சனிக்கிழமைகள். முதலில் பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிட்டு, குளிர்சாதன வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்த பிறகே டேஷ்போர்டில் கைவைத்தார்கள். மின்கம்பிச் செருகிகள் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகித நாடா ஒட்டி, அதில் பேனாவால் க, ங, ச, ஞ என்று எழுதிக்கொண்டே வந்தார் முதலாளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததற்கு இந்தப் பதினெட்டு எழுத்து போதும் என்று சிரித்தார். பொருத்தும் வேலை முடிந்து வண்டியை எடுத்துவந்த அன்றிரவு மீட்டரில் விளக்கு எரியவில்லை. மறுநாள் பார்த்தபோது, நாடா கழன்று தரைவிரிப்புக்கு அடியில் கிடந்தது. அதில் இருந்த எழுத்து 'ழ'. நம்மவர்களுக்கு அந்த எழுத்து எப்போதும் சிக்கல்தான்.

டேஷ்போர்டை எடுத்தபோது வெளியே தெரிந்த குளிர்சாதனச் சுருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'கூலிங் காயில்' என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டி, இருபத்தைந்து ஆண்டுத் தூசியும் காய்ந்த இலைத் துணுக்குகளும் ஈரமும் சேர்ந்து, களிமண் பூசியதைப் போல அடைத்துக் கிடந்தது. ஓர் ஓரத்தில் எண்ணெய்க் கசிவின் கறையும் இருந்தது. இதை மாற்றுவதற்கு மட்டுமே டேஷ்போர்டைக் கழற்றக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், இப்போதே மாற்றிவிடுவது மிச்சம் என்று முதலாளி சொன்னார். சுருள், விரிவு வால்வு, ஆர்-134ஏ வாயு எல்லாம் சேர்த்து 420 ரிங்கிட். முன்கூட்டிப் பேசாத செலவு என்றாலும், பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, நான் சரி என்ற பிறகே வாங்கினார். இன்று பிற்பகல் வெயிலில் நிறுத்திய வண்டி சில நிமிடங்களில் குளிர்ந்துவிடுகிறது. இந்த முழு வேலையிலும் அன்றாடம் பயன் தருவது, நான் கேட்காமலே நடந்த இந்த ஒன்றுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தரைவிரிப்பைத் தூக்கியபோது கிடைத்தவை: இருபது காசு நாணயங்கள் மூன்று, சுங்கச்சாவடி ரசீது ஒன்று, அம்மாவின் கொண்டை ஊசி, கோயில் திருநீற்றுப் பொட்டலம், பிறகு ஒரு ரப்பர் விதை. விதையைத் தவிர மற்றதையெல்லாம் அம்மா வாங்கிக்கொண்டார். ஓட்டுநர் பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்ததற்குத் தனிக் கூலி கேட்கவில்லை.

காற்றுப்பை விஷயத்தில் முதலாளி காட்டிய கண்டிப்பும் குறிப்பிடத்தக்கது. பட்டறையில் கிடந்த, காற்றுப்பை வைத்த வேறொரு வண்டியின் ஸ்டீரிங் சக்கரத்தை அழகுக்காகப் பொருத்தலாமே என்று அங்கிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் ஆசை காட்டினார். உணர்கருவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாத வண்டியில் அந்தப் பை வெறும் பொம்மை, அதை நம்பி உட்காருபவன் ஏமாந்து போவான் என்று முதலாளி அவரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். என் வண்டியில் காற்றுப்பை முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

அவ்வளவு கண்டிப்பானவரின் கண்ணில் படாமல் போன ஒரு தவற்றைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. ரெக்காரோ இருக்கையோடு வந்த பட்டைக்கொக்கியை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். பட்டை வீராவினுடையது, கொக்கி சத்ரியாவினுடையது. பட்டையின் நாக்கு கொக்கிக்குள் 'க்ளிக்' என்ற சத்தத்தோடு விழுந்ததால் எனக்கும் சந்தேகம் எழவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இருக்கை எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காகப் பட்டையை மார்பிலிருந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தபோது, நாக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுபடி மாட்டி இழுத்தேன், மறுபடியும் வந்தது. குவாலா கங்சார் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்த வழி நினைவுக்கு வர, வெகுநேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் இரண்டு முன்னிருக்கைகளுக்கும் வீராவின் பழைய கொக்கிகளையே பொருத்திக் கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும், வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கும் முன் நான்கு பட்டைகளையும் இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்தப் பட்டறையில் இந்த வேலையைச் செய்தாலும், சாவியை வாங்குவதற்கு முன் அதை நீங்களே செய்துவிடுங்கள்.

இருக்கைகள் எப்படி? இரண்டு பக்கமும் உயர்ந்து இடுப்பையும் தோளையும் பிடித்துக்கொள்ளும் அமைப்பு, வளைவுகளில் உடம்பைச் சாயவிடுவதில்லை. ஈப்போ வரை போய்வந்தால் முன்பு முதுகில் தோன்றும் பிடிப்பு இப்போது இல்லை. ஓட்டும் எனக்குச் சொர்க்கம். பால்மரம் வெட்டியே முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கோ, அந்தப் பக்க மேட்டைத் தாண்டி உட்காருவதும் எழுவதும் பெரும்பாடு. "நாற்காலியா இது, தொட்டிலா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டுப் பின்னிருக்கைக்குப் போனவர், இன்றுவரை முன்னால் வரவில்லை. சத்ரியாவில் பின்னால் ஏறுவதற்காக இருக்கையை முன்தள்ளும் விசை, நான்கு கதவு வண்டியில் வேலையின்றிச் சும்மா இருக்கிறது.

கதவு அட்டைகளையும் பின்னிருக்கையையும் ரெக்காரோ துணியோடு ஒத்துப்போகும்படி மாற்ற, பக்கத்துத் தெருவிலுள்ள குஷன் கடைக்கு முதலாளியே அனுப்பிவைத்தார். தையல் நேர்த்தியாக வந்திருக்கிறது. துணியின் நிறம் பகல் வெளிச்சத்தில் ஒரு படி வெளிறித் தெரிகிறது. பக்கத் தூண் உறைகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு, சாதாரணப் பெயின்ட்டை அடித்திருக்கிறார்கள். இருக்கைப் பட்டை உரசும் இடத்தில் இரண்டாம் மாதமே உரிந்து, பழைய சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. செம்மண் சாலையில் இறங்கினால் டேஷ்போர்டின் இடது மூலையில் ஒரு கிறீச்சொலி. வெயிலில் காய்ந்து முறுகிய பழைய கிளிப்புகள் கழற்றும்போது உடைவது இயல்பு என்பதால் புதியவற்றைப் போட்டு, உரசும் இடங்களில் கம்பளி நாடாவும் ஒட்டினார்கள். ஏதோ ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது.

மீட்டரை மாற்றியதால் வண்டி ஓடிய தூரமும் மாறிவிட்டது. வீரா 3,12,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. சத்ரியாவின் மீட்டரோ 1,87,000 சொச்சம் காட்டுகிறது. இரண்டு எண்களையும் தேதியோடு ரசீதில் எழுதி முத்திரை குத்தித் தந்தார் முதலாளி. நாளை வண்டி கைமாறினால் வாங்குபவரிடம் அந்த ரசீதையும் சேர்த்துக் கொடுப்பேன், கொடுக்காவிட்டால் அது ஏமாற்று. இரண்டுமே நான்கு சிலிண்டர் வண்டிகள் என்பதால் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சரியாகவே வேலை செய்கிறது. பெட்ரோல் முள் மட்டும் கால் தொட்டி குறைத்துக் காட்டுகிறது. கூட்டிக் காட்டுவதற்கு இது மேல். சத்ரியாவின் பதிவு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) முறைப்படி ரத்தான ஆவணத்தை விற்றவரிடமிருந்து வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். அந்த வண்டியின் சேசிஸ் எண் பொறித்த எதையும் வீராவுக்குள் கொண்டுவரவில்லை.

பத்து நாளில் முடியும் என்ற வேலை இருபத்து மூன்று நாள் இழுத்தது; அதில் குஷன் கடையில் போனது எட்டு நாள். கூலி 1,600, குஷன் 950, கிளிப்பு முதலிய சில்லறைகள் 130. சத்ரியா உடலின் விலையும் கூலிங் காயில் செலவும் சேர்த்தால் 7,300 ரிங்கிட். மிஞ்சிய உடலை இரும்புக் கடையில் போட்டதில் 700 திரும்பி வந்தது. வீராவின் பழைய முன்னிருக்கைகளை இன்னொரு வீரா வைத்திருக்கும் மாமா கேட்டார், கொடுத்துவிட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கொக்கி விஷயம் நடந்திருக்காவிட்டால் நான்கு தந்திருப்பேன். கழற்றி மாட்டும் வேலைக்கும் குளிர்சாதன வேலைக்கும் இந்தப் பட்டறைக்கு மறுபடி போவேன். சாயம் ஏற்றும் வேலையை மட்டும் வேறிடத்தில் கொடுப்பேன். தூண் உறைகளையும் அந்தக் கிறீச்சொலியையும் தீபாவளி கழித்துச் சரிசெய்து தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். எந்தத் தீபாவளி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.