வீட்டில் செய்யும் ப்ளே டோ: எந்த வயதுக்கு எந்த மாவு?

பிள்ளைகள் பிசைந்து உருவங்கள் செய்து விளையாடும் மாவுதான் ப்ளே டோ. கடையில் டப்பாவில் விற்கும் ப்ளே டோவிலும் முக்கியமாக இருப்பது கோதுமை மாவு, உப்பு, தண்ணீர்தான். அது பொம்மையாகப் பிறக்கவும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், சுவர்க் காகிதத்தில் படியும் நிலக்கரிக் கரியை ஒற்றி எடுப்பதற்காக 1930களில் ஒரு சோப்பு நிறுவனம் செய்த மாவு அது. வீடுகளில் கரி அடுப்பு குறையக் குறைய அதற்கு வேலையில்லாமல் போனது. ஒரு நர்சரி ஆசிரியை அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956-ல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. அந்த அளவுக்கு எளிமையான பொருள் என்பதால் நம் சமையலறையில் தாராளமாகச் செய்யலாம்.

செய்யலாம் என்று இறங்கும்போதுதான் குழப்பம். ஒரு வீடியோவில் மைதா, இன்னொன்றில் அரிசி மாவு, மற்றொன்றில் கார்ன்ஃப்ளார். எல்லாவற்றிலும் 'நச்சு இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்த மாவு என்பதைவிட, அதில் எவ்வளவு உப்பு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாவு கெடாமல் இருப்பது உப்பால். பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து வருவதும் அதே உப்பால். வழக்கமான அளவில், ஒரு கப் மைதாவுக்கு அரை கப் தூள் உப்பு போடுகிறோம். பிசைந்து முடித்த மாவில் எடைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் உப்பு. ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் உப்பு இருக்கும். நாலு வயதுப் பிள்ளை நாக்கில் வைத்ததும் துப்பிவிடும். ஒரு வயதுக் குழந்தை சில சமயம் துப்பாது. அந்த உருண்டை முழுதும் உள்ளே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். சமையலறைப் பொருள் என்பதால் மட்டும் அது தின்னும் பொருளாகிவிடாது.

இதை மனதில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என் தேர்வு அடுப்பில் கிண்டும் மைதாதான். ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, இரண்டு டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்டர், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு கப் தண்ணீர். க்ரீம் ஆஃப் டார்டர் என்பது ஒரு புளிப்புத் தூள், கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும். அந்தப் புளிப்புதான் மாவை இழுவையாகவும் வழவழப்பாகவும் வைக்கிறது. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் வைத்துக் கிண்ட வேண்டும். முதலில் கஞ்சி மாதிரி ஓடும். அப்புறம் திடீரென்று அங்கங்கே திரண்டு கரண்டியைப் பிடித்து இழுக்கும். இந்த இடத்தில் பயந்துபோய் இறக்கிவிடுகிறவர்கள்தான் பிறகு 'கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது' என்கிறார்கள். இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் கிண்டினால் வாணலியை விட்டு மொத்தமாகச் சுருண்டு வரும். ஒரு கிள்ளு எடுத்து, சற்று ஆறவிட்டு, விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டாமல் விரல் ரேகை பதிந்தால் அதுதான் பதம்.

சூட்டில் மாவின் ஸ்டார்ச் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் மென்மை வாரக்கணக்கில் நீடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதம் தாராளமாக வரும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மேலே பிசுபிசுத்தால் ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். குறை ஒன்றுதான், அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பிள்ளை அளந்து கொட்டலாம், கரைக்கலாம், வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பிசையலாம். நடுவில் மட்டும் தள்ளி நிற்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பே வேண்டாம் என்பவர்களுக்குக் கிண்டாத மைதா. இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். முதலிலிருந்து கடைசிவரை பிள்ளையே செய்யலாம். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனால் விளையாட்டுப் பொருளாக இது ஒரு படி கீழேதான். சப்பாத்தி மாவு போல இழுத்தால் சுருங்கும், உருட்டிய பாம்பு குட்டையாகிவிடும். உப்பு முழுதாகக் கரையாமல் நறநறக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தால் எரியும். நாலைந்து நாளில் ஒன்று காயும், இல்லாவிட்டால் நீர்த்துவிடும். அதோடு இது பச்சை மாவு. பச்சைக் கோதுமை மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால், விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும். குழந்தையின் உள்ளங்கைப் பதிவு எடுத்து வெயிலில் காயவைக்க மட்டும் இதுவே சிறந்தது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மேலே சொன்ன இரண்டுமே வேண்டாம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயது அது. நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கொழுக்கட்டை மாவுதான் அதற்குச் சரி. கோதுமை மாவைச் சேர்த்துப் பிடித்து இழுவையாக வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அரிசி மாவில் கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துபோகும். கொதிக்கும் நீரில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்துச் சிறு தீயில் நன்றாக வேகவிட்டு, ஆறியதும் ஈரக்கையால் பிசைந்தால் வழவழவென்று சேர்ந்துகொள்ளும். உப்பு சிட்டிகை கூடத் தேவையில்லை. காய்ந்தால் வெடிக்கும், அப்போது கையை நனைத்துக்கொண்டால் போதும். உப்பு இல்லாததால் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும். விளையாடிய மாவையே வேகவைத்துக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தரையில் உருண்டதை நான் கொடுக்க மாட்டேன். தின்னக்கூடியது என்றாலும் பெரிய உருண்டை தொண்டையில் அடைக்கும், ஆகவே பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும். கோதுமை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு எந்த வயதானாலும் இதுதான். கடை டப்பாவும் அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

கார்ன்ஃப்ளார் ஒரு கப், சமையல் சோடா இரண்டு கப், தண்ணீர் ஒன்றேகால் கப் சேர்த்துக் கிண்டுவது வேறு ரகம். வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக, காய்ந்தால் பீங்கான் போல இறுகும். சின்ன விளக்கு, மணி எல்லாம் செய்து பெயின்ட் அடிக்கலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான வேலை, ஆனால் தினமும் எடுத்துப் பிசையும் மாவாக வராது. சோடாவிலும் சோடியம் நிறைய என்பதால் வாயில் போடும் குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. கார்ன்ஃப்ளாரில் ஹேர் கண்டிஷனர் கலக்கும் முறையை நான் சேர்க்கவே இல்லை. மாவு என்னமோ பட்டுப் போல வரும், ஆனால் சிறு பிள்ளைகள் கைக்கும் வாய்க்கும் அது வேண்டாம்.

நிறத்துக்கு பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், மஞ்சள்தூள், அரைத்து வடிகட்டிய கீரைச் சாறு போதும். சில நாளில் மங்கும், அவ்வளவுதான். எலுமிச்சை விட்ட மாவில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சோடா மாவில் போட்டால் சிவந்துவிடும், பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. குங்குமம், ஹோலிப் பொடி, கலர் கோலப்பொடி எதையும் சேர்க்காதீர்கள். வெனிலா, சாக்லேட் வாசனையும் நான் சேர்ப்பதில்லை. உப்பு மாவைத் தின்னச் சொல்லித் தூண்டுவதாக ஆகிவிடும்.

நாலு வயதுப் பிள்ளையும் தவழும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், சின்னது விழித்திருக்கும்வரை இருவருக்கும் கொழுக்கட்டை மாவு. அது தூங்கியதும் பெரியவருக்கு மைதா டப்பா. நாய் வளர்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாய் உப்பு மாவைத் துப்பாமல் விழுங்கிவிடும், அந்த அளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் தரையில் கிடக்கும் துணுக்குகளைக் கூட்டி எடுத்து, டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள்.