ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் குடியிருப்பு: நுவரெலியாவில் வாழ்ந்து பார்த்த அனுபவம்

இலங்கை மலைநாட்டு நகரமான நுவரெலியாவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், ரேஸ் கோர்ஸை ஒட்டியோ அதற்கு மேலே காட்டோரமாகவோ ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டத்திலிருந்து வந்து நாங்கள் இந்தப் பக்கம் குடியேறிப் பல வருடங்களாகிவிட்டன. ஏப்ரல் சீசனுக்கு வந்து போகிறவர்கள் கண்ணில் படாத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

ஒரு பக்கம் 1875இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல். மறுபக்கம் சைப்பிரஸ், டர்பன்டைன் மரங்கள் அடர்ந்த சரிவு. அதற்கும் மேலே 2,524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை மலையுச்சி. டவுனுக்கு நடந்தே போய்விடலாம். ரயிலுக்கு மட்டும் நானுஓயாவுக்குப் போக வேண்டும். வசதியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

இங்கே குடிவருகிறவர்கள் குதிரைகளோடு வாழத் தயாராக வர வேண்டும். பந்தயக் குதிரைகள் சீசனுக்கு வரும், போகும். வருடம் முழுக்க நம்மோடு இருப்பவை கிரகரி வாவிக் கரையிலும் விக்டோரியா பார்க் வாசலிலும் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற மட்டக்குதிரைகள்தான். வேலை முடிந்ததும் பலவற்றை மேயட்டும் என்று அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் கேட்டைத் திறந்தால் வாசலில் ஒன்று நிற்கும். பிடரி மயிரில் பனித்துளி கோத்திருக்கும், மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி பறக்கும். மேலுதட்டை மட்டும் நீட்டி, மதில் இடுக்கில் முளைத்த புல்லை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பறிக்கும். நாம் வந்து நிற்பதற்காக அவசரப்படாது. எங்கள் சின்ன மகள் நடை பழகியதே அவற்றைப் பார்க்க ஓடித்தான்.

அந்தப் பாசத்தில் எல்லோரும் செய்கிற காரியம், மிச்சமான பாணைத் தூக்கிப் போடுவது. குதிரை வைத்திருக்கும் ஒரு தம்பி ஒருநாள் பக்கத்து வீட்டாரைத் தடுத்தார். "அக்கா, பாண் குடுக்காதீங்க. வயிறு ஊதிச்சின்னா நாங்க ராத்திரி பூரா அதை நடத்திக்கிட்டே இருக்கணும்" என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன கெட்டது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கெரட் கொடுப்பதென்றால் வட்ட வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறி, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

பாணைவிடப் பெரிய கேடு குப்பைப் பை. சமையல் கழிவைப் பொலித்தீனில் கட்டி இரவிலேயே கேட்டுக்கு வெளியே வைத்தால், குதிரை வாசனை பிடித்துப் பையோடு சேர்த்துத் தின்றுவிடும். அந்தப் பொலித்தீன் குடலில் சிக்கினால் அது படுகிற வேதனையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் இப்போது குப்பை லொறியின் சத்தம் கேட்ட பிறகுதான் பையை வெளியே எடுக்கிறோம். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். மாலையில் பனிமூட்டம் இறங்கிய பிறகு வாகனம் ஓட்டுகிறவர்களும் மெதுவாகப் போக வேண்டும். கறுப்புக் குதிரை நடு ரோட்டில் நின்றால் பத்தடிக்குள் வந்த பிறகுதான் தெரியும். அவிழ்த்து விடுகிறவர்கள் கழுத்தில் ஒரு பளபளக்கும் பட்டியாவது கட்டிவிடக் கூடாதா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

சாணத்தில் நன்மை உண்டு. சில மாதங்கள் குவித்து மக்க வைத்துப் போட்டால் லீக்ஸும் பீட்ரூட்டும் நன்றாக வருகின்றன. பச்சையாகப் போட்டால் பாத்தி முழுக்கக் களைதான், ஏனென்றால் குதிரை தின்ற புல்விதை செரிக்காமல் வெளியே வந்து முளைக்கும்.

இனி வீடு. மரநிழல் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் குடியிருக்க வெய்யில் வேண்டும். ஒரே ஒழுங்கையில் காலை வெய்யில் விழும் வீட்டுக்கும் விழாத வீட்டுக்கும் அவ்வளவு வித்தியாசம். மே மாதத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால், வெய்யில் படாத வீட்டில் சாமி படங்களின் பின்புறம் பூஞ்சணம் படரும், உப்பு கசியும், அலுமாரியில் வைத்த சேலை மணக்கும், பள்ளிச் சீருடை காயாது. அதனால் வீடு பார்க்கக் காலை ஒன்பது மணிக்குப் போங்கள். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். ஆனால் நாள் ஏறியதும் வானம் தெளிந்துவிடும். எனக்குப் பிடித்த மாதங்கள் அவைதான்.

ஜூன், ஜூலைக் காற்றில் பெரிய மரங்கள் விழும், கரண்ட் போகும். கூரைக்கு மேல் சாய்ந்த டர்பன்டைன் மரம் இருந்தால் அந்த வீடு வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலைநாட்டில் செய்த அழிவுக்குப் பிறகு, சரிவில் வீடு எடுப்பவர்கள் மண்சரிவு அபாயம் பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது. காட்டோரத்தில் நாய் வளர்க்கிறவர்கள் இரவில் அதை உள்ளே கட்டிவிடுங்கள், சிறுத்தை வரும். பறவை பார்க்கிறவர்களுக்கு கால்வேஸ் லேண்ட் தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் விக்டோரியா பார்க்கில் ஆறுமணிக் குருவியையும் பார்க்கலாம்.

மிச்சம் ஏப்ரல். கவர்னர்ஸ் கப் பந்தயத்தைக் காண வருகிற கூட்டம், ஒலிபெருக்கி, அசையாத வாகன வரிசை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுகிற குதிரைகளின் குளம்படி எங்கள் ஜன்னல் வரை கேட்கும், அது எனக்குப் பெரிய சந்தோஷம். பொறுக்க முடியாதது, சீசனில் கூடுதல் வாடகைக்கு விடுவதற்காகக் குடியிருப்பவர்களை அந்த மாதம் மட்டும் வெளியேறச் சொல்லும் வழக்கம். முன்பிருந்த வீட்டில் எங்களுக்கும் அது நடந்தது. கைக்குழந்தையோடு சொந்தக்காரர் வீட்டில் போய் ஒண்டினோம். இப்போதைய வீட்டு ஒப்பந்தத்தில் ஏப்ரலும் எங்களுக்கே என்று தனியாக ஒரு வரி எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நீங்களும் அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.