வீட்டில் அவிழ்த்துக் கட்டிய இசுசு 4ஜேபி1: நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

கொழும்பில் சின்ன எல்ஃப் லொறி வைத்திருப்பவர்களுக்கு 4ஜேபி1 எஞ்சினை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2771 சிசி, போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 93 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 102 மி.மீ. டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். டீசல் பம்பும் இயந்திர முறையில் வேலை செய்வது என்பதால் கம்பியூட்டர் பூட்டிப் பார்க்க வேண்டிய எதுவும் இதில் இல்லை. செயின் புளொக்கைத் தாங்கும் உறுதியான ஒரு உத்திரமும் மழை படாத ஒரு மூலையும் இருந்தால் வீட்டிலேயே அவிழ்த்துக் கட்டலாம். ஆனால் அப்படிக் கட்டிய எஞ்சின்களில் சில வருடக்கணக்காகப் புகையில்லாமல் ஓடுகின்றன, சில ஒரு வருடத்துக்குள்ளேயே ஒயில் குடிக்கத் தொடங்குகின்றன. பெரும்பாலும் லைனரிலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்குழாய்) கிராங்கிலும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) எடுத்த முடிவுதான் காரணம்.

முதலில் லைனர். கம்பனியிலிருந்து வரும்போது இதில் இருப்பது மெல்லிய உலர் லைனர், உட்புறம் குரோம் பூசியது. இதைப் போர் பண்ணி அகலமாக்க முடியாது, ஹோன் கல்லால் தேய்க்கவும் கூடாது. கீறல் இருந்தாலோ தேய்ந்திருந்தாலோ கழற்றி வீசிவிட்டுப் புதிது போடுவதுதான் ஒரே வழி. "ரிங் செட் மட்டும் மாத்தினாப் போதும்" என்று சொல்லும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடிபோல் மினுங்கிய பழைய குரோமில் புதிய ரிங் படியவே படியாது. முதல் சில ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏதோ சரியானதுபோல் இருக்கும், பிறகு பிரீதரில் (எஞ்சினின் காற்றுப்போக்கிக் குழாயில்) ஊதத் தொடங்கிவிடும்.

உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கிட் (லைனர், பிஸ்டன், ரிங் தொகுதி) வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி லைனர் குரோமா, வார்ப்பிரும்பா என்பது. குரோம் லைனருக்குள் குரோம் பூசிய ரிங் போனால் இரண்டும் ஒன்றையொன்று சுரண்டிக்கொள்ளும். லைனர் ஒரு பெட்டியிலும் ரிங் வேறு பெட்டியிலும் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், விலை குறைந்தாலும் வேண்டாம். பிளொக்கில் ஒவ்வொரு போருக்கும் அடித்திருக்கும் தர இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் அதற்குரிய லைனரையே கேளுங்கள். இறுக்கமான லைனர் உள்ளே போனதும் வட்டம் கெட்டு நெளியும். தளர்வானது பிளொக்குக்குச் சூட்டைக் கடத்தாது, அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் பிடிக்கும். சுத்தியலால் அடித்து இறக்காமல் பிரஸ்ஸில் இறக்க வேண்டும். இறங்கிய பிறகு லைனர் விளிம்பு பிளொக்குக்கு மேல் 0 முதல் 0.10 மி.மீ. வரை நிற்கலாம், பக்கத்துச் சிலிண்டருடன் வித்தியாசம் 0.03 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அனேகமாக லைனர் உட்காரும் படியில் ஒரு துண்டுக் கரியோ துருவோ கிடக்கும். வெளியே எடுத்துச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். அதை அப்படியே விட்டுவிட்டு ஹெட்டைப் பூட்டினால் கேஸ்கட் அந்த இடத்தில்தான் முதலில் போகும்.

அடுத்தது கிராங்க். இதன் மேற்பரப்பு நைட்ரைடிங் முறையில் கடினமாக்கப்பட்டது. அந்தக் கடினப் படை மிக மெல்லியது, கிரைண்ட் பண்ணினால் போய்விடும். இசுசுவின் கையேடு கிரைண்ட் பண்ண வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். கிரைண்ட் பண்ணிய கிராங்குக்கான 0.25, 0.50 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, லேத்காரரும் தட்டாமல் செய்து தருவார். அப்படிக் கட்டிய எஞ்சினில் ஆரம்பத்தில் ஒயில் பிரஷர் நன்றாகவே இருக்கும். பாரம் ஏற்றி ஓட ஓட ஜேர்னல் (பேரிங்கில் சுற்றும் கிராங்கின் பகுதி) வேகமாகத் தேய்ந்து, சூடான எஞ்சின் ஐட்லில் நிற்கும்போது பிரஷர் லைட் மினுங்க ஆரம்பிக்கும். எங்கள் தெளிவான பரிந்துரை: ஜப்பானில் இருந்து வந்த பாவித்த எஞ்சினிலிருந்து ஸ்டாண்டர்ட் அளவிலேயே உள்ள கிராங்க் ஒன்றைத் தேடி எடுங்கள். கடைக்குப் போகும்போது 50–75 மி.மீ. அளக்கும் மைக்ரோமீற்றர் கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். அது மெயின் ஜேர்னலுக்கும் கொன்ரொட் பூட்டும் பின் ஜேர்னலுக்கும் போதும்.

பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து அளக்கலாம், ஆனால் இறுக்கிய நிலையில் கிராங்கைச் சுற்றக் கூடாது. மெயினில் 0.035 முதல் 0.080 மி.மீ. வரை, கொன்ரொட்டில் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பி) 0.029 முதல் 0.066 மி.மீ. வரை இருக்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.10 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது, 0.30 வந்தால் திரஸ்ட் பேரிங் மாற்றியாக வேண்டும். மெயின் கப் (பேரிங்கின் மேல் பூட்டும் மூடி) போல்ட் 167 நியூட்டன் மீற்றர், கொன்ரொட் கப் 83. கப்களின் இலக்கம் மாறினால் இந்த அளவுகள் எல்லாம் வீண்.

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் கழுவுதல். ஒயில் கலரிகளின் (பிளொக்குக்குள் ஒயில் ஓடும் துளைகள்) பிளக்குகளைக் கழற்றாமல் பிளொக்கைக் கழுவிப் பயனில்லை. மண்ணெண்ணெயில் நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்து, பிறகு சுடுநீரும் சவர்க்காரமும், கடைசியில் கம்பிரசர் காற்று. வெள்ளைத் துணியைக் கலரிக்குள் இழுத்துப் பாருங்கள், சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். ஹெட் முகத்தைச் சுரண்டும் சாணைத் தட்டு பிளொக்கின் பக்கமே வரக் கூடாது. அதன் பொடி பேரிங்கில் பதிந்துகொண்டு கிராங்கை அரைக்கும். கொழும்புக் கடற்காற்றில், அதுவும் வெள்ளவத்தை, மட்டக்குளி போன்ற கரையோரங்களில், கழுவிக் காய்ந்த வார்ப்பிரும்பு ஒரு இரவிலேயே செம்மை பூசிக்கொள்ளும். ஆகவே காய்ந்த கையோடு ஒயில் தடவிப் பொலித்தீனால் மூடுங்கள்.

ஹெட் கேஸ்கட் மூன்று தடிப்பில் வருகிறது. பிஸ்டன் பிளொக்குக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று நான்கிலும் டயல் கேஜால் அளந்து அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். கடையில் கையில் கிடைத்ததைப் போட்டால் கம்பிரஷன் குறையும், இல்லாவிட்டால் வால்வு தட்டும். ஹெட் போல்ட் இறுக்கும் முறை தயாரிப்பு ஆண்டைப் பொறுத்து மாறுகிறது, உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டையே பாருங்கள். வால்வு இடைவெளி ஆறிய எஞ்சினில் இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டுக்கும் 0.40 மி.மீ. டைமிங் குறிகளை ஒருமுறை பொருத்தியதும் படம் எடுத்து வையுங்கள். எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து ஐட்லர் (இடைப் பல்சக்கரம்) குறி விலகிவிட்டது என்று பதறி மறுபடி அவிழ்ப்பவர்கள் உண்டு. ஐட்லர் குறி ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் திரும்பி வராது, அது இயல்பு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசல் பம்பின் சொலனொயிட் (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். பற்றிய பிறகு ஐட்லில் மணிக்கணக்காக விடுவது பெரிய கெடுதல், ரிங் படிய பாரம் வேண்டும். காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டு படியவைக்க முடியாது. அதிகாலையில் புத்தளம் வீதிப் பக்கம் அரைப் பாரத்தோடு வேகத்தை ஏற்றி இறக்கி ஓடுங்கள். கடுகண்ணாவ ஏற்றத்தை முழுப் பாரத்தோடு முதல் 1000 கிலோமீற்றருக்குள் தொட வேண்டாம். அந்த 1000த்தில் ஒயிலும் பில்டரும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள்.

ஓடிய பிறகு நிலைமை அறிய கம்பிரஷன் கேஜ் போதும். 200 ஆர்பிஎம்மில் சதுர சென்ரிமீற்றருக்கு 31 கிலோ அளவில் இருக்க வேண்டியது, 22க்குக் கீழே இறங்கினால் மறுபடி அவிழ்க்கும் காலம். அது சீக்கிரம் வருவதற்கு நம் ஊரில் ஒரு பொதுக் காரணம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "இந்த வெயிலுக்கு அது எதுக்கு" என்பார்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வராவிட்டால் எரியாத டீசல் லைனரில் வடிந்து ஒயிலோடு கலக்கும். சூடேறுகிறது என்றால் ரேடியேட்டரைக் கழுவுங்கள், தெர்மோஸ்டாட்டில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் வாக்குவம் பம்புக்குப் (பிரேக்குக்கு வெற்றிடம் தருவது) போகும் ஒயில் ஹோஸ். கிட்டில் இது வராது, பழையதையே பூட்டிவிடுவார்கள். ரப்பர் காய்ந்து வெடித்தால் எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் தொட்டியின் ஒயில் முழுவதும் வீதியில் கொட்டிவிடும், லைட் எரிவதைக் காண்பதற்குள் பேரிங் போய்விடும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிது போட்டு, பிரஷர் ஹோஸ்தானா என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டிப் பூட்டியது சில மாதம்கூடத் தாங்காது.